அந்த டி-ஷர்ட்டை ஏன் மாட்டினார்கள்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கால்பந்து மைதானத்தில் நடக்கும் இனவெறிப் பேச்சு பற்றி எழுதும்போது இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் ஆடிய உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பாதிப் பேர் கோபமாக, மீதிப் பேர் குழப்பமாக. அதனால் இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், லிவர்பூல் ரசிகன். பழைய படம் ஒன்று கண்ணில் பட்டது. லிவர்பூல் வீரர்கள் எல்லோரும் சுவாரெஸ் படம் போட்ட வெள்ளை டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் தடை வாங்கியதற்கு மறுநாள் எடுத்த படமாம். என்னதான் நடந்தது?

நானும் உங்கள் கட்சிதான் தம்பி, லிவர்பூலை ரொம்ப வருடமாகப் பின்தொடர்கிறவன். அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

2011 அக்டோபர் 15, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம், எதிரே மான்செஸ்டர் யுனைடெட். எங்கள் ஜெரார்டு ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார், யுனைடெட்டின் ஹெர்னான்டெஸ் சமன் செய்தார், 1-1. ஸ்கோர் இன்று யாருக்கும் நினைவில்லை. நினைவில் இருப்பது இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிக்குக்காக எல்லோரும் கோல் முகப்பில் கூடி நின்ற சில நொடிகள்தான். அதற்கு ஐந்தாறு நிமிடம் முன்னால் சுவாரெஸ் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவை முட்டியில் உதைத்திருந்தார். கார்னருக்காக நிற்கும்போது எவ்ரா ஸ்பானிஷில் ஒரு கெட்ட வார்த்தையோடு பேச்சைத் தொடங்கினார் (இதை அவரே ஒப்புக்கொண்டார்), ஏன் உதைத்தாய் என்று கேட்டார். "நீ கருப்பன் என்பதால்" என்று சுவாரெஸ் பதில் சொன்னதாகவும், அப்புறம் கருப்பர்களோடு நான் பேசுவதில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டு ஸ்பானிஷில் கருப்பன் என்று பொருள்படும் 'நெக்ரோ' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் எவ்ரா புகார் கொடுத்தார். சுவாரெஸோ, ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் சமாதானமாகத்தான் சொன்னேன் என்றார்.

ஆங்கிலக் கால்பந்து சங்கமான எஃப்.ஏ. நவம்பரில் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. டிசம்பர் 20ஆம் தேதி தனி விசாரணைக் குழுவின் முடிவு வந்தது: எட்டு ஆட்டங்களுக்குத் தடை, 40,000 பவுண்டு அபராதம். மறுநாளே விகன் அணியோடு ஆட்டம். வார்ம்-அப்புக்கு வந்த வீரர்களின் நெஞ்சில் சுவாரெஸ் படம், முதுகில் அவர் பெயரும் 7 என்ற எண்ணும். மேனேஜர் கென்னி டால்கிளிஷும் அதையே மாட்டியிருந்தார். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்புக்கான காரணங்களை 115 பக்க அறிக்கையாகக் குழு வெளியிட்டது டிசம்பர் 31ஆம் தேதி. டி-ஷர்ட் மாட்டியது 21ஆம் தேதி. என்ன காரணத்துக்காக தண்டித்தார்கள் என்று ஊர் உலகம் ஒரு பக்கம்கூடப் படிக்கும் முன்பே, எங்கள் ஆள் குற்றமற்றவர் என்று ஓர் அணியே நெஞ்சில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கேள்வி: எவ்ரா சொன்னதைத் தவிர வேறு எந்தச் சாட்சியும் இல்லை. பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை, நடுவருக்கும் கேட்கவில்லை. ஒருவர் வாய்வார்த்தையை நம்பி இன்னொருவரைத் தண்டிப்பது என்ன நியாயம்? லிவர்பூல் கேட்டதும் இதைத்தானே?

ஆமாம், டிசம்பர் 20 அன்றே கிளப் வெளியிட்ட அறிக்கையில் முக்கிய வாதமே அதுதான். அதைப் படித்தபோது நானும் தலையாட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் அந்த 115 பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு தலையாட்ட முடியவில்லை.

முதலில், பேசியதே இல்லை என்று சுவாரெஸ் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். தகராறு எத்தனை தடவை, எந்தத் தொனியில் என்பதில்தான். அதனால் 'ஒருவர் வாய்வார்த்தை' என்ற வாதம் அந்த இடத்திலேயே பாதி உடைந்துவிடுகிறது.

இரண்டாவது, ஆட்டம் முடிந்த உடனே நடந்தவை. எவ்ரா உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் சொன்னார், மேனேஜர் ஃபெர்குசனோடு நடுவர் மரினரின் அறைக்குப் போய்ப் புகார் சொன்னார். விஷயம் தெரிந்து லிவர்பூல் தரப்பிலிருந்து அங்கே பேசப் போனவர் கால்பந்து இயக்குநர் டேமியன் கொமொலி. சுவாரெஸோடு ஸ்பானிஷில் பேசிவிட்டு அவர் நடுவர்களிடம் சொன்ன வாசகம், 'நீ கருப்பன் என்பதால்' என்று எவ்ரா சொன்னதற்குத்தான் ஒத்துப்போனது, சுவாரெஸ் பின்னால் எழுதிக் கொடுத்ததற்கு அல்ல. அணியின் இன்னொரு வீரர் டிர்க் கைட், சுவாரெஸோடு டச்சு மொழியில் பேசியவர், அவரிடமிருந்து வந்ததும் கிட்டத்தட்ட அதே பொருள். சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். இரண்டு பேர், இரண்டு மொழி, இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை நம்பக் குழு தயாராக இல்லை. நீங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் நம்புவீர்களா?

மூன்றாவது, அந்தக் கிள்ளு. வீடியோவில் தெளிவாகத் தெரியும், சுவாரெஸ் எவ்ராவின் கைத்தோலைப் பிடித்துக் கிள்ளுகிறார். சூட்டைத் தணிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று முதலில் எழுத்தில் கொடுத்தார். குறுக்கு விசாரணையில் அப்படியில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கோபத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் தோலைக் கிள்ளுவதைப் பார்த்துவிட்டு, சமாதானம் என்றால் யார்தான் ஏற்பார்கள்? அதற்குப் பிறகு அவருடைய மற்ற வாக்குமூலத்தின் எடையும் குறைந்துபோனது. எவ்ராவை நம்பத்தக்க சாட்சி என்றும் சுவாரெஸின் சாட்சியம் நம்பகமானதல்ல என்றும் குழு எழுதியது. ஏழு தடவை அந்தச் சொல் வந்தது என்பது முடிவு.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சுவாரெஸ் இனவெறியர் என்று குழு சொல்லவில்லை. எவ்ராவும் அப்படிச் சொல்லவில்லை. அன்று, அந்த இடத்தில், அவர் பேசியது தவறு என்பதுதான் தீர்ப்பு. இந்த வித்தியாசத்தை லிவர்பூல் அன்று பிடித்துக்கொண்டிருந்தால் கௌரவமாக வெளியே வர வழி இருந்தது.

கேள்வி: உருகுவே நாட்டில் 'நெக்ரோ' என்பது செல்லமாகக் கூப்பிடும் சொல்தானே? நாமும்தான் வீட்டில் கருப்பா, கருப்பி என்று ஆசையாகக் கூப்பிடுகிறோம். வேறு ஊர்ப் பழக்கத்தை இங்கிலாந்து அளவுகோலால் அளந்தது சரியா?

நல்ல கேள்வி. ஒரு தமிழருக்கு இது புரிகிற மாதிரி இங்கிலாந்துக்காரருக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

நீங்கள் சொல்வது உண்மைதான். அந்தப் பக்கத்து ஸ்பானிஷில் நண்பனை, மனைவியை, ஏன், வெள்ளைத்தோல்காரரைக்கூட அப்படிக் கூப்பிடுவது உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் வேட், ஜேம்ஸ் ஸ்கோரர் என்ற இரண்டு நிபுணர்களைக் குழு கேட்டது. செல்லமாகவும் சொல்லலாம், இழிவாகவும் சொல்லலாம், யார் யாரிடம் எந்த நிலையில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆக, நிறைய ரசிகர்கள் நினைத்த மாதிரி உருகுவேக்காரர்களின் பழக்கம் தெரியாமல் கொடுத்த தீர்ப்பு இல்லை அது.

இப்போது உங்கள் வீட்டு உதாரணத்தையே எடுப்போம். பாட்டி பேரனை மடியில் போட்டுக்கொண்டு 'என் கருப்பட்டி' என்று கொஞ்சுகிறாள். அதே பையனை, முன்பின் பழகாத ஒருத்தன் காலில் உதைத்துவிட்டு, ஏண்டா உதைச்சே என்று கேட்டதற்கு 'போடா கருப்பா' என்கிறான், என்றபடியே கைத்தோலைக் கிள்ளுகிறான். சொல் ஒன்றுதான். அந்தப் பையனிடம் போய், உன் பாட்டியும் அப்படித்தானே கூப்பிடுகிறாள் என்று கேட்க உங்களுக்கு மனசு வருமா?

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2020 நவம்பரில் அதே உருகுவேயின் எடின்சன் கவானி, அப்போது மான்செஸ்டர் யுனைடெட் வீரர், தன்னைப் பாராட்டிய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'கிராசியாஸ் நெக்ரிதோ' (நன்றி கருப்பா என்கிற மாதிரி, 'நெக்ரோ'வின் செல்ல வடிவம்) என்று நன்றி போட்டார். அவருக்கும் மூன்று ஆட்டத் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். அந்தத் தண்டனை அதிகம் என்பதுதான் என் கருத்து. நண்பனுக்கு நண்பன் எழுதியது, அதில் யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் பாருங்கள்: பதிவை நீக்கினார், மன்னிப்புக் கேட்டார், தடையை எதிர்க்கவில்லை. அது அன்பான வாழ்த்துதான் என்று கிளப்பும் தெளிவாகச் சொன்னது, கூடவே அபராதத் தொகை பாகுபாட்டுக்கு எதிரான வேலைகளுக்குப் போகட்டும் என்றும் கேட்டுக்கொண்டது. தன் வீரரை விட்டுக்கொடுக்கவும் இல்லை, யாரையும் பொய்யர் என்று சொல்லவும் இல்லை.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும் சரி, தன் வீரருக்குக் கஷ்டம் வரும்போது கூட நிற்காத கிளப் ஒரு கிளப்பா? டால்கிளிஷ் செய்ததில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

கூட நிற்க வேண்டும், சந்தேகமே இல்லை. டால்கிளிஷ் கூட நிற்கிற மனிதர்தான். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் இறந்தபோது, மேனேஜராக இருந்த அவர் சவ அடக்கத்துக்குப் பின் சவ அடக்கமாகப் போய் நின்றார். அந்தக் குடும்பங்கள் இன்றும் அவரைத் தங்கள் வீட்டு மனிதராக நினைக்கின்றன. அப்படிப்பட்டவர் இந்த விஷயத்தில் இப்படிச் செய்தாரே என்பதுதான் என் ஆதங்கம்.

கூட நிற்பது வேறு, எதிரே நிற்பவரைப் பொய்யராக்குவது வேறு. சுவாரெஸுக்கு வக்கீல் வைத்தார்கள், சரி. மொழிபெயர்ப்பாளர் வைத்தார்கள், சரி. விசாரணையில் சாட்சி சொன்னார்கள், அதுவும் சரி. அந்த டிசம்பர் அறிக்கையில் என்ன எழுதினார்கள்? எவ்ரா நம்பத்தக்கவர் அல்ல, முன்பும் ஆதாரமில்லாத புகார்களைக் கொடுத்தவர் என்று எழுதினார்கள். அது உண்மையே இல்லை. எவ்ரா பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய இனவெறிப் புகார்கள் அவர் கொடுத்தவை அல்ல, வேறு ஆட்கள் கொடுத்தவை. பொய்ப் புகார் கொடுக்கிறவர் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை என்று குழுவும் எழுதியது. நூறாண்டு தாண்டிய ஒரு பெரிய கிளப், தனி மனிதர் ஒருவரைப் பற்றி, சரிபார்க்காத ஒன்றைத் தன் முத்திரை போட்ட காகிதத்தில் எழுதியது. டி-ஷர்ட்டைவிட எனக்கு இதுதான் பெரிய தப்பாகப் படுகிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

டி-ஷர்ட்டிலும் ஒரு படம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அன்று அதை மாட்டியவர்களில் கிளென் ஜான்சனும் ஒருவர், அவரே கருப்பின வீரர். பழைய யுனைடெட் வீரர் பால் மெக்ரா, அவரும் கருப்பினத்தவர், நானாக இருந்தால் அதைத் தரையில் வீசியிருப்பேன் என்று பேசினார். நான் யாரை ஆதரிப்பது என்பது என் விருப்பம் என்றார் ஜான்சன். ஒரு கிளப் எடுத்த அவசர முடிவால் கருப்பின வீரர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்கள், முடிவெடுத்தவர்கள் சும்மா இருந்தார்கள்.

2012 ஜனவரி 3 அன்று, மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று கிளப் அறிவித்தது. அறிக்கையைப் படித்து மனம் மாறியதாலா? இல்லை, அந்த அறிவிப்பிலும் எஃப்.ஏ.வைக் குறை சொல்லியே எழுதினார்கள். தண்டனையை ஏற்றுக்கொண்டு தப்பை மட்டும் ஏற்காமல் விட்டால், கூட்டம் எதைக் கேட்டுக்கொள்ளும்? அந்த மாதம் 28ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்ட் வந்த எவ்ரா காலில் பந்து பட்ட போதெல்லாம் ஊளையிட்டார்கள். புகார் கொடுத்தவர் அவர், புகார் நிரூபணமானதும் அவர் பக்கம்தான், ஊளையும் அவருக்குத்தான். கிளப் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் ரசிகர்கள் ஒப்பித்தார்கள்.

அப்புறம் பிப்ரவரி 11, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வருகிறார்கள். எவ்ரா கையை நீட்டுகிறார். சுவாரெஸ் அந்தக் கையைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போகிறார். எவ்ரா அவர் கையை எட்டிப் பிடிக்கிறார், அவர் உதறிவிட்டுப் போகிறார். வரிசையில் நின்ற யுனைடெட் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட், சுவாரெஸுக்குக் கைகொடுக்க மறுக்கிறார். இரண்டு மூன்று நொடிதான். உலகமே பார்த்தது. கிளப்பின் ஸ்பான்சர் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியும் தன் அதிருப்தியை வெளியே சொன்னது. மறுநாள் சுவாரெஸ் மன்னிப்பு, டால்கிளிஷ் மன்னிப்பு, நிர்வாக இயக்குநர் இயன் எய்ர் அறிக்கை. கைகொடுப்பேன் என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார் என்று எய்ர் எழுதினார். நான்கு மாதமாகக் கிளப் செய்யாததை ஒரே நாளில் செய்தார்கள், அதுவும் கைகொடுக்காததற்காக. அந்த ஏழு தடவை சொன்ன சொல்லுக்காக யாரும் எவ்ராவிடம் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கூட நின்றது சுவாரெஸுக்கும் உதவவில்லை. இந்தச் சொல்லை இங்கே இப்படிப் பேசக்கூடாது, போய் மன்னிப்புக் கேள் என்று அக்டோபரிலேயே ஒருவர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தால், அவர் அந்தக் கையைத் தாண்டிப் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இதே காலத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டிய செல்சி கேப்டன் ஜான் டெர்ரிக்கு நான்கு ஆட்டம்தான் தடை. இங்கிலாந்துக்காரர் என்றால் பாதித் தண்டனையா?

அப்படித் தோன்றுவது இயல்பு, ஆனால் கணக்கு வேறு. அன்றைய விதிப்படி வசைச்சொல்லுக்கு இரண்டு ஆட்டம், அதில் நிறமோ இனமோ கலந்தால் இரட்டிப்பு, ஆக நான்கு. சுவாரெஸ் விஷயத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதால் அது எட்டானது. 2011 அக்டோபர் 23 அன்று எதிரணி வீரர் ஆன்டன் ஃபெர்டினாண்டை டெர்ரி திட்டியது ஒரு தடவை என்று கொண்டார்கள், நான்கில் நின்றது. அபராதம் மட்டும் 2,20,000 பவுண்டு. நீதிமன்றம் டெர்ரியை விடுவித்தும் எஃப்.ஏ. தண்டித்ததற்குக் காரணம், குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், எஃப்.ஏ.வுக்கு எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். செல்சி கிளப் உள்ளுக்குள் நடவடிக்கை எடுத்தோம் என்றது, என்ன நடவடிக்கை என்று சொல்லவில்லை, கேப்டன் பதவியும் அவரிடமே இருந்தது. அதுவும் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: 2013இல் ஆட்டத்தின் நடுவே செல்சி வீரர் இவானோவிச்சைக் கடித்ததற்கு சுவாரெஸுக்குப் பத்து ஆட்டம். கடித்தால் பத்து, இனத்தைச் சொல்லித் திட்டினால் எட்டா?

எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்தத் தடவை லிவர்பூல் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள், அன்று மாலையே ஏற்க முடியாத செயல் என்று சொல்லிவிட்டார்கள், அபராதமும் போட்டார்கள். பட்ட பிறகு வந்த புத்தி.

கேள்வி: லிவர்பூல் எவ்ராவிடம் மன்னிப்புக் கேட்டதா இல்லையா?

கேட்டது, எட்டு வருடம் கழித்து. 2019 அக்டோபரில் ஸ்கை தொலைக்காட்சியில் எவ்ராவும் பழைய லிவர்பூல் வீரர் ஜேமி கராகரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டி-ஷர்ட் பேச்சு வந்தது. நாங்கள் செய்தது பெரிய தப்பு, மாட்ட மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லாமல் போனது என்று கராகர் நேராக அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு லிவர்பூலின் அப்போதைய தலைமை நிர்வாகி பீட்டர் மூர் மன்னிப்புக் கடிதம் எழுதினார் என்று எவ்ராவே வெளியில் சொன்னார். மனதைத் தொட்டது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது, கூடவே கோபமும் வந்தது. ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, இதற்கு எட்டு வருடமா?

மற்ற கிளப்புகள் கற்றுக்கொண்டனவா என்றால், அரைகுறையாகத்தான். 2024இல் டோட்டன்ஹாம் வீரர் பென்டான்கூர், சொந்த அணியின் கேப்டன் சோன் ஹியுங்-மின்னைப் பற்றியே, கொரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்கிற பொருளில் உருகுவே டிவியில் பேசினார். மன்னிப்புக் கேட்டார், சோனும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். எஃப்.ஏ. ஏழு ஆட்டம் தடை போட்டது. தடை நீளம் என்று கிளப் மேல்முறையீடு செய்து தோற்றது. காயப்பட்டவரும் அதே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மேல்முறையீடு தேவையா என்று எனக்குக் கேள்வி உண்டு.

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். பதினோரு வயது மகன் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடுகிறான். போன வாரம் எதிரணிப் பையன் ஒருவன் அவன் நிறத்தைச் சொல்லித் திட்டியிருக்கிறான். எங்கள் கோச், சின்னப் பிள்ளைகள்தானே, பெரிதாக்க வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பெரிதாக்குங்கள் அம்மா. தயங்க வேண்டாம்.

அங்கே சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் நலனுக்கென்று ஒரு அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும். கோச்சைத் தாண்டி அவரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் கவுன்டி எஃப்.ஏ.வுக்கும் (உங்கள் வட்டாரக் கால்பந்து சங்கம்) அதே கடிதத்தை அனுப்புங்கள், விசாரிக்க வேண்டியது அவர்கள். கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் 'கிக் இட் அவுட்' என்ற அமைப்பும் இப்படிப்பட்ட புகார்களை வாங்கிக்கொள்கிறது, பிள்ளைகள் ஆட்டமாக இருந்தாலும்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே மகனை உட்காரவைத்து, நடந்ததை அவன் வாயால் சொல்லச் சொல்லி அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்ன சொல், எத்தனை தடவை, அதற்கு முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், இவன் பதிலுக்கு ஏதாவது சொன்னானா. இவனும் திட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எவ்ரா தானும் கெட்ட வார்த்தை சொன்னதை ஒப்புக்கொண்டார், அது அவரைக் கவிழ்க்கவில்லை. தேதி போட்டு வையுங்கள். கோச் உங்களோடு வர மாட்டேன் என்றால் பரவாயில்லை, நீங்கள் மகனோடு போங்கள். எழுதியதை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துப் பார்த்து உடனே பதில் போடுகிறேன்.